டிஃபென்ஸ் ஸ்டடீஸில் பிஎச்.டி. முடிக்க என்னென்ன வேண்டும்?

உங்கள் மகள் எம்.ஏ. முடிக்கப்போகிறாள், அடுத்து டிஃபென்ஸ் அண்ட் ஸ்ட்ராடஜிக் ஸ்டடீஸில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "இதை முடித்தால் ராணுவ அதிகாரி ஆகலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆக முடியாது. இது ராணுவத்தைப் பற்றிய படிப்பு, ராணுவத்தில் சேர்வதற்கான படிப்பு இல்லை. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சிடிஎஸ் தேர்வு வழியாகச் சென்னையிலுள்ள ஓடிஏ என்ற அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் சேர 25 வயதுதான் உச்சவரம்பு. பிஎச்.டி. கையில் வரும்போது அந்த வயது தாண்டியிருக்கும். சீருடைதான் அவள் கனவு என்றால் இப்போதே சிடிஎஸ் எழுதட்டும். ஆய்வும் கற்பித்தலும்தான் விருப்பம் என்றால் மேலே படியுங்கள்.

விதிகள் அவ்வளவு சிக்கலானவை அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 ஒழுங்குமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணோ பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வோ, அதன் பிறகு ஒரு நேர்காணல். நெட் தேர்வில் இந்தத் துறை தனிப் பாடமாகவே இருக்கிறது. நெட்டில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பணத்தைப் பற்றிய உங்கள் கவலையில் பாதி அதிலேயே தீரும். அதனால் ஜேஆர்எஃப்புக்காக இன்னொரு முறை நெட் எழுத வேண்டியிருந்தாலும் எழுதட்டும் என்பேன்.

சேர்ந்த பிறகு குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க், அதாவது வகுப்புப் பாடங்கள். ஆய்வு முறையியலும் ஆய்வு நெறிமுறையும் அதற்குள் வந்துவிடும். அதிலும் 55 சதவீதம் எடுத்தால்தான் மேலே போகலாம். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழுவின் முன் உட்கார்ந்து இதுவரை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்து இன்னும் இரண்டு ஆண்டு வாங்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. அந்தச் சலுகையை நம்பி வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பலர் சறுக்குவது தலைப்பில். வேறு துறைகளில் தரவு கிடைப்பது கடினம் என்றால், இங்கே சில தரவுகள் சட்டப்படியே கிடைக்காது. 1962 இந்திய-சீனப் போர் பற்றி ராணுவமே நடத்திய விசாரணையின் ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை அதிகாரப்பூர்வமாக வெளியிடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாலும் நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க 8-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளுக்குள் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-இல் கொள்கை அறிவித்திருக்கிறது. ஆனால் அறிவிப்பை நம்பி ஆய்வேட்டைத் திட்டமிட முடியாதே! "எல்லையில் இன்றைய படை நிலைநிறுத்தம்" என்று தலைப்பு வைத்தால் செய்தித்தாள் துணுக்குகளைத் தைத்து ஒட்டுவதில்தான் முடியும்.

அதற்குப் பதில் திறந்த ஆவணங்கள் தாராளமாக இருக்கும் பக்கம் போகலாம். நாடாளுமன்ற பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கைகள், தலைமைத் தணிக்கையாளரின் (சிஏஜி) தணிக்கைகள், பட்ஜெட் ஆவணங்கள், கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழு அறிக்கையின் வெளியிடப்பட்ட பகுதி, டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல், கடலோரப் பாதுகாப்பு, இந்தியப் பெருங்கடல் அரசியல் எல்லாம் இப்படிச் செய்யக்கூடியவை. ஓய்வுபெற்ற அதிகாரிகளைப் பேட்டி காணலாம். ஆனால் அவர்களும் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள். பேட்டியை மட்டும் நம்பி ஒரு அத்தியாயம் எழுத வேண்டாம்.

முடிக்கும் கட்டத்தில் ஆலோசனைக் குழு முன் ஒரு முன்வைப்பு, அப்புறம் கருத்துத் திருட்டுச் சோதனை. பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆய்வேடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களுக்குப் போகும். அவர்கள் அறிக்கை சாதகமாக வந்ததும் பொது வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-இல் எடுத்துவிட்டது. பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். விதி இல்லையென்றாலும் இரண்டு நல்ல கட்டுரை இல்லாமல் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போவதில் பெரிய பயன் இல்லை.

தொலைநிலையில் பிஎச்.டி. தருகிறோம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள், அதற்கு அனுமதி கிடையாது. பகுதிநேரம் உண்டு, வேலையில் இருப்பவர் நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்க வேண்டும்.

இந்த மாதம் மகள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் இந்தத் துறையின் ஆய்வேடுகள் நான்கைந்தைத் திறந்து, முதல் அத்தியாயத்தையும் கடைசியிலுள்ள ஆதாரப் பட்டியலையும் படிக்கட்டும். பிறகு இரண்டு பக்கத்தில் ஒரு கேள்வியும், அதற்கு எந்த ஆவணத்தில் பதில் தேடுவாள் என்பதும் எழுதட்டும். ஆய்வை வழிநடத்தும் நெறியாளரைப் பார்க்கப் போகும்போது அதைக் கையில் கொண்டு போனால், இந்த மாணவியை எடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசிப்பதற்கு ஒரு அடிப்படை கிடைக்கும்.