தோனி வீடியோ பார்க்கும் பையனுக்கு வேறு யாரைக் காட்டுவது?

பாம்பனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மண்டபம் பக்கம் நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். மகனுக்கு 13 வயது, ஊர் கிரிக்கெட் டீமில் விக்கெட் கீப்பர். "எந்நேரமும் போனில் தோனி ஸ்டம்பிங் செய்வதையே போட்டுப் போட்டுப் பார்க்கிறான். அதே மாதிரி செய்யப்போய் இரண்டு தடவை விரல் வீங்கிவிட்டது. பேட்டிங் கணக்கை விட்டுவிட்டு, கைவேலையை மட்டும் வைத்துப் பார்த்தால், டெஸ்ட் ஆடிய ஆசியக் கீப்பர்களில் இவன் யாரைப் பார்த்துப் படிக்க வேண்டும்? நான் என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார். முதல் கேள்வி மகன் சொல்லச் சொல்ல எழுதியது என்றும் கடைசியில் ஒரு வரி.

சகோதரி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் இலங்கையின் பிரசன்னா ஜெயவர்தனே. அப்புறம் நம் சையது கிர்மானி. மூன்றாவது விருத்திமான் சாஹா. பாகிஸ்தானின் வாசிம் பாரி இவர்களுக்குச் சற்றும் குறைந்தவரில்லை. அவர் காலத்து வீடியோ குறைவாகக் கிடைப்பதால் மட்டுமே பையனுக்கான பட்டியலில் அவரைச் சேர்க்கவில்லை. தோனி எங்கே என்று தம்பி கோபப்படுவான். அதற்கும் வருகிறேன்.

உங்கள் ஊர் ஜெட்டியில் விசைப்படகிலிருந்து மீன் கூடை இறக்குவதைத் தம்பி தினமும் பார்த்திருப்பான். படகில் நிற்பவர் கூடையைத் தூக்கி வீசும்போது எதிரே நிற்பவர் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்க மாட்டார். கூடை கையில் படும் அதே நேரத்தில் கையும் கூடையோடு கொஞ்சம் பின்னால் போகும், இடுப்பும் சேர்ந்து திரும்பும். நாம் அதைக் கூடையை "வாங்குவது" என்றுதான் சொல்கிறோம். கீப்பிங்கும் பந்தை வாங்குகிற வேலை. பந்து கிளவுஸில் விழும்போது "டப்" என்று சத்தம் வந்தால் கை விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம். நல்ல கீப்பரிடம் சத்தமே அடங்கித்தான் வரும்.

விக்கெட் எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. டெஸ்டில் அதிகம் பேரை ஆட்டமிழக்கச் செய்த கீப்பர் தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர், 555 பேர். அவருக்குப் பந்து போட்டவர்கள் பெரும்பாலும் வேகப்பந்து வீச்சாளர்கள். பேட் விளிம்பில் பட்டு வருவது மட்டும் எத்தனையோ நூறு. ஆசிய ஆடுகளத்தில் கீப்பரின் உண்மையான சோதனை ஸ்டம்புக்கு ஒட்டி நின்று சுழலைச் சமாளிப்பதில் இருக்கிறது. தோனி 90 டெஸ்டில் 294 பேர், கிர்மானி 88 டெஸ்டில் 198 பேர். ஆனால் ஸ்டம்பிங் மட்டும் எடுத்தால் இருவருக்கும் சரியாக 38. பிரசன்னாவுக்கு 58 டெஸ்டிலேயே 32. நான் கைவேலை என்று சொல்வது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நான் கீப்பரைப் பார்க்கக் கற்றது ஒரு கெட்டுப்போன படத்தில். எண்பதுகளில் நம் கடற்கரை வீடுகளில் உயரமான குழாய்க் கம்பத்தில் ஆண்டெனா கட்டி, கிழக்கே திருப்பி இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி பார்ப்போம். 1985 செப்டம்பரில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியை நம்மிடமிருந்துதான் எடுத்தது. எனக்கு அப்போது 11 வயது. படம் முழுக்கப் புள்ளி. பந்து கண்ணுக்கே தெரியாது. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கீப்பரைப் பார்ப்பது. அவர் எந்தப் பக்கம் காலை நகர்த்துகிறார், எப்போது எழுகிறார், கை மேலே போகிறதா கீழே நிற்கிறதா. அன்றைக்கு இலங்கைக்குக் கீப்பர் அமல் சில்வா. அந்த டெஸ்டில் சதமும் அடித்து 9 பேரையும் ஆட்டமிழக்கச் செய்தார். பந்தைப் பார்க்காமல் கீப்பரை மட்டும் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த நாலைந்து நாளில் ஒட்டிக்கொண்டது. தம்பியும் அப்படித்தான் வீடியோ பார்க்க வேண்டும்.

இனி பிரசன்னாவைப் பற்றி. முரளிதரன், ஹெராத் என்ற இரண்டு சுழல் வீச்சாளர்களுக்கும் கீப்பராக நின்றவர். குமார் சங்கக்கார டெஸ்டில் கிளவுஸைக் கழற்றிவிட்டு முழு பேட்ஸ்மேனாக ஆடத் தொடங்கிய பிறகுதான் இவருக்கு நிலையான இடம் கிடைத்தது. அவ்வளவு நல்ல கையோடு அவ்வளவு காலம் வெளியே காத்திருந்தவர். முரளியின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்ஸ்மேனுக்குத் தெரியாது. கீப்பருக்கோ திரும்பும் பக்கத்தோடு, பேட்ஸ்மேனின் உடம்பு மறைக்கும் அந்த நொடியையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். பிரசன்னா உட்கார்ந்த நிலையிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். பந்து தரையைத் தொடும்வரை அவர் எழ மாட்டார். பந்து எழும் வேகத்திலேயே அவரும் எழுவார். தலை ஆடாது, பாதம் தேவைக்கு மேல் ஒரு அங்குலம்கூட நகராது. லெக் பக்கம் போகும் பந்துக்குக்கூடப் பதற்றம் கிடையாது. ஓர் எட்டு, கை உடம்புக்குப் பக்கத்தில், வாங்கிய கை அப்படியே ஸ்டம்புக்குத் திரும்பி வரும். கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வதில் அவருக்கு இணையாக ஆசியாவில் நான் யாரையும் பார்த்ததில்லை.

நம் பக்கம் சிமெண்டு மேடையில் மேட்டிங் விரித்து ஆடும்போது பந்து எப்படி எழும்பும் என்று தம்பிக்குத் தெரியும். சின்னப் பையன்கள் எல்லோரும் அங்கே செய்யும் தவறு ஒன்றே: பந்து வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுவார்கள். எழுந்தவனுக்குத் தாழ்ந்து வரும் பந்து காலுக்கு நடுவில் போய்விடும். உட்கார்ந்திருப்பவன் எந்த உயரத்துக்கும் எழலாம்.

கிர்மானியை இரண்டாவதாக வைத்தது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பேடி, எரப்பள்ளி பிரசன்னா (இவர் வேறு, நம் பந்துவீச்சாளர்), வெங்கட்ராகவன், சந்திரசேகர் என்று நான்கு சுழல் வீச்சாளர்களுக்கும் நின்றவர். அதிலும் சந்திரசேகர்! போலியோ பாதித்த கையால், மிதவேகத்துக்குப் பக்கமாக வரும் லெக் ஸ்பின், நடுநடுவே எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளி. அதற்கு ஸ்டம்பை ஒட்டி நின்றவரின் கண்ணையும் கையையும் என்னவென்று சொல்வது? 1976-இல் நியூசிலாந்தில் ஆடிய தன் இரண்டாவது டெஸ்டிலேயே, கிறைஸ்ட்சர்ச்சில், ஒரே இன்னிங்ஸில் 6 பேரை வீழ்த்தி அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1981-82 இங்கிலாந்துத் தொடர். தொடர்ந்து மூன்று டெஸ்டில் ஒரு பைஸ்கூட (பேட்டில் படாத பந்து கீப்பரையும் தாண்டிப் போவதால் வரும் ரன்) விடவில்லை. அந்த மூன்றிலும் சேர்த்து இங்கிலாந்து எடுத்தது கிட்டத்தட்ட 2000 ரன். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து எழுந்து, ஒரு பந்துகூட நழுவவில்லை என்றால் அது கையோடு சேர்ந்து மனசும் செய்த வேலை. தம்பியின் டீமில் ஸ்கோர் எழுதுகிறவரிடம் பைஸ் எத்தனை என்று ஒவ்வொரு மேட்சுக்கும் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கேட்ச் கணக்கைவிட அதுதான் அவனுக்கு உண்மையைச் சொல்லும்.

வாசிம் பாரி 81 டெஸ்டில் 228 பேர். 1979-இல் ஆக்லாந்தில் ஒரே இன்னிங்ஸில் 7 கேட்ச் பிடித்தார். டெஸ்டில் அதுவரை யாரும் செய்யாதது. இம்ரான், சர்ஃப்ராஸ் போன்ற வேகங்களுக்குப் பின்னால் தள்ளி நிற்பதிலும், சுழலுக்கு ஒட்டி நிற்பதிலும் ஒரே நிதானம் அவரிடம்.

சேப்பாக்கம் ஸ்டம்பிங் விஷயத்தில் ராசியான மண். 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அங்கேதான். வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் நான்கு, கீப்பர் புரோபிர் சென் செய்த ஸ்டம்பிங். 1988-இல் அதே மைதானத்தில் சுழல் வீச்சாளர் ஹிர்வானி அறிமுக டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தபோது கிரண் மோரே அந்த ஒரு டெஸ்டில் செய்த ஸ்டம்பிங் 6. எதிரே ஆடியது மேற்கிந்தியத் தீவுகள். இறங்கி வந்து அடிக்கப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தபோது பெயில்ஸ் கீழே கிடந்தது.

சரி, தோனி. அவர் கை உலகத்திலேயே வேகமான கைகளில் ஒன்று, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அவர் பந்தை வாங்குவது எல்லோரும் வாங்குகிற மாதிரி இல்லை. கை பின்னால் போகாது. பந்தைத் தொட்ட இடத்திலிருந்தே ஸ்டம்பை நோக்கிப் போய்விடும். அதனால்தான் அந்த வேகம். அதற்கு அவருடைய உள்ளங்கை பலமும், பல்லாயிரம் பந்து வாங்கிய கணக்கும் வேண்டும். 13 வயதுப் பையன் அதைச் செய்தால் கையை முன்னால் தள்ளுவான், விரல் நுனி பந்தைப் பார்த்து நீளும், பந்து நுனியில் குத்தும். உங்கள் மகன் விரல் இரண்டு முறை வீங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டெஸ்டில் தோனிக்கும் முதல் ஸ்லிப்புக்கும் நடுவில் போன சில கேட்ச்களுக்கு அவர் போகாமல் விட்டதுண்டு என்பதும் என் கணக்கில் வருகிறது. 18 வயதுக்கு மேல் தம்பி அவரிடம் திரும்பி வரட்டும்.

சாஹாவின் கீப்பிங் தெளிவான வீடியோவாகக் கிடைக்கிறது. அஸ்வின், ஜடேஜாவுக்கு ஒட்டி நின்றதையும், 2018 ஜனவரியில் கேப்டவுனில் ஒரே டெஸ்டில் 10 கேட்ச் பிடித்ததையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஆள் இரண்டு விதமாக நிற்பது புரியும். அவர் பாய்ந்து பிடித்ததைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். பாய்வதற்கு முன் அவர் பாதம் எத்தனை எட்டு ஓடியது என்று எண்ணினால்தான் பாடம்.

பாகிஸ்தானின் ரஷித் லத்தீப், இலங்கையின் கலுவிதாரண, சுழல் வீச்சாளர் சுபாஷ் குப்தேவுக்கு நின்ற நம் நரேன் தம்ஹானே, வங்கதேசத்தின் காலித் மஷூத் எல்லோரும் பெயர் சொல்லத் தகுந்தவர்களே. நம் தமிழ்நாட்டு பரத் ரெட்டி 1979-இல் இங்கிலாந்தில் 4 டெஸ்ட் ஆடினார். ஒரே நேரத்தில் இத்தனை பேரைப் பார்த்தால் பையன் குழம்புவான். மூன்று பேர் போதும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அந்த விரல். மடக்க முடியவில்லை என்றாலோ, வளைந்திருந்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். தெரிந்தவரிடம் காட்டி உருவிவிடுவது வேண்டாம். 17 வயதில் நான் அப்படி உருவிக்கொண்டு மறுநாளே மேட்ச் ஆடினேன். என் வலது சுண்டுவிரல் இன்றும் நேராக நிற்காது.

கிளவுஸ் வாங்கும்போது "வளருவான்" என்று பெரிய அளவு எடுக்காதீர்கள். விரல் நுனிக்கும் கிளவுஸ் நுனிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் பந்து வரும் உணர்வே கைக்குத் தெரியாது. உள்ளே போட பருத்தி இன்னர் இரண்டு ஜோடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மட்டுமே வலை இருக்கலாம், மற்ற விரல்களைச் சேர்த்துத் தைத்தது விதிக்குப் புறம்பு. நம் உப்புக்காற்றில் உள்ளங்கை ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். மணலும் ஒட்டினால் பிடிமானமே போய்விடும். ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காயப் போடுங்கள். வெயிலில் வேண்டாம்.

பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கிளவுஸுக்கு முன்னால் ஹெல்மெட் வாங்குங்கள். 2000-இல் டாக்காவில் ஆசியக் கோப்பை ஆட்டத்தில் கும்ப்ளேவின் பந்து சபா கரீமின் கண்ணில் பட்டது. அந்தக் காயத்துக்குப் பிறகு அவர் ஆட்டம் அதிக நாள் நீடிக்கவில்லை. பவுச்சருக்கு 2012-இல் பெயில்ஸ் கண்ணில் பாய்ந்து அத்தோடு ஓய்வு. மேட்டிங்கில் ஒட்டி நிற்கும் பையனுக்குக் கம்பி முகமூடி இல்லாமல் அனுமதிக்காதீர்கள்.

பயிற்சிக்குச் செலவே இல்லை. வெறுங்கையில் டென்னிஸ் பந்து, ஒரு சுவர், தினம் 100. விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. அது பழகிய பிறகு முன்னால் தங்கையையோ நண்பனையோ பேட்டோடு நிறுத்தி, பந்தைத் தொடாமல் பேட்டை மட்டும் வீசச் சொல்லுங்கள். கண் மறையும் அந்த நொடிக்குப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பந்து பேட்டிலோ பேட்ஸ்மேன் மேலோ பட்டாலோ, ஸ்டம்பைத் தாண்டினாலோ தவிர, கிளவுஸ் ஸ்டம்புக்கு முன்னால் வரக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். ஊர் ஆட்டங்களில் யாரும் நோ பால் கொடுப்பதில்லை, மாவட்டத் தேர்வில் கொடுப்பார்கள்.

அந்தத் தேர்வில் பேட்டிங்கும் கேட்பார்கள். அதை மறைக்க மாட்டேன். பிரசன்னா 4 டெஸ்ட் சதம் அடித்தவர் என்பதையும் தம்பி தெரிந்துகொள்ளட்டும்.

வீக்கம் முழுதாக வடியும்வரை கிளவுஸ் போட வேண்டாம். அந்த நாட்களை வீடியோவுக்கு வைத்துக்கொள்ளலாம். 2010 ஜூலை, இலங்கையின் காலி நகர மைதானம், முரளியின் 800-வது விக்கெட். நம் ஓஜாவின் பேட் விளிம்பில் பட்டதை ஸ்லிப்பில் மஹேல ஜெயவர்தனே பிடிப்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். தம்பி மஹேலவைப் பார்க்க வேண்டாம். பிரசன்னா எந்த நேரத்தில் எழுகிறார் என்று பத்துத் தடவை ஓட்டிப் பார்த்து, எனக்கு எழுதச் சொல்லுங்கள்.