வீடு தேடும் இந்தியருக்கு உதவும் இயக்கம்: அரசு மானியம் கிடைக்குமா?

கேள்வி: செந்தூலில் சின்னதாக ஓர் இயக்கம் நடத்துகிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தது. "இந்தியர்களுக்கு வீடு தருவதில்லை" என்ற பதிலோடு திரும்பி வரும் பிள்ளைகளுக்காக ஏஜெண்டிடம் பேசுகிறோம், வேறு வீடு தேடித் தருகிறோம். செலவெல்லாம் கைக்காசு. அமெரிக்காவில் இந்த வேலைக்கு அரசாங்கமே மானியம் தருகிறதாம். நம் மலேசியாவில் உண்டா? எங்கே விண்ணப்பிப்பது?
– இயக்கச் செயலாளர், கோலாலம்பூர்

பதில்: அமெரிக்கா பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்று அங்கே 1968இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் மீறப்படுவதைக் கண்டுபிடிக்கும் தன்னார்வ அமைப்புகளுக்குப் பணம் தர 1987இல் தனித் திட்டமே தொடங்கினார்கள். அந்த அமைப்புகளின் முக்கிய ஆயுதம் 'சோதனையாளர்'. ஒரே வீட்டைக் கேட்டு ஒரு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளையரும் தனித்தனியாகப் போவார்கள். முன்னவருக்கு "காலி இல்லை", பின்னவருக்கு "வாங்க, பார்க்கலாம்" என்றால் மாட்டினார் உரிமையாளர். பொய்யான பதில் பெற்ற சோதனையாளரே வழக்குப் போடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் சொல்லிவிட்டது.

இங்கே அந்தப் பெயரில் மானியம் கிடையாது. அமல்படுத்தச் சட்டம் இருந்தால்தானே அமல்படுத்துபவருக்குப் பணம் வரும்? அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இனப் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தனியாருக்கு இடையிலான விவகாரத்துக்கு அது பொருந்தாது என்று ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. வீட்டு ஓனர் தனியார். வாடகைக் குடியிருப்புச் சட்டம் வரப்போகிறது என்று வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வரட்டும், பார்ப்போம்.

அதனால் உங்கள் வேலையை மனத்தளவில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீடு தேடித் தருவது, ஏஜெண்டிடம் சமாதானமாகப் பேசுவது, வாடகை ஒப்பந்தத்தைப் படித்து விளக்குவது, முன்பணம் திரும்பி வராதபோது என்ன செய்வதென்று சொல்லித் தருவது ஒரு பாதி. இதற்கு அரசுப் பணம் கேட்கலாம். யார் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று சோதித்து, பதிவு செய்து, அறிக்கை விடுவது மறு பாதி. இதற்கு அரசுப் பணத்தைத் தொடாதீர்கள். கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் அடுத்த வருடம் வாயைக் கட்டிப்போடும். அமெரிக்காவிலேயே 2025 பிப்ரவரியில் பல அமைப்புகளின் மானியத்தைத் திடீரென்று நிறுத்தி, அவை நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. சட்டம் இருக்கும் நாட்டிலேயே இந்தக் கதி.

முதல் பாதிக்கு மூன்று கதவுகளைத் தட்டலாம். நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மித்ரா, மலேசிய இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவு. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கீடு என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். அங்கே 'பாகுபாட்டை எதிர்த்துப் போராட்டம்' என்று எழுதிக் கொடுத்தால் நகராது. 'குறைந்த வருமான இந்திய இளைஞர்களுக்கு வாடகை ஒப்பந்தப் பயிற்சியும் வீடு தேடும் உதவியும்' என்று எழுதுங்கள். பொய் இல்லை, நீங்கள் செய்வதும் அதுதான். அடுத்தது அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானாவின் அறவாரியம், யாயாசான் ஹசானா. சமூக மேம்பாடு அவர்கள் பார்க்கும் துறைகளில் ஒன்று. மூன்றாவது உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி ஒதுக்கீடு. தொகை சிறியதுதான், ஆனால் சீக்கிரம் முடியும். பினாங்கில் இருந்தால் சட்டமன்ற உறுப்பினரையும் போய்ப் பார்க்கலாம். கூட்டரசுப் பிரதேசத்தில் நமக்கு அந்த வசதி இல்லை.

எந்தக் கதவானாலும் முதலில் கேட்பது காகிதம். 2021 முதல் மித்ரா பணம் தொடர்பாக ஊழல் தடுப்பு ஆணையம் இயக்கப் பொறுப்பாளர்களையே பிடித்து விசாரித்தது நினைவிருக்கும். அதன்பின் சரிபார்ப்பு இறுகிவிட்டது. மானிய விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் ஒரு குழுவில் நான் சில காலம் இருந்தேன். நல்ல திட்டங்கள் விழுந்ததெல்லாம் அற்ப விஷயத்தில். ஓர் இயக்கத்தின் வங்கிக் கணக்கு தலைவரின் சொந்தப் பெயரில். இன்னொன்றில் 20,000 வெள்ளி பட்ஜெட்டில் 8,000 'இதர செலவு'. என்ன இதரம் என்று கேட்டால் பதில் இல்லை! ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். இரண்டு மூன்று வருடம் விட்டுப்போன இயக்கங்களைக் கணக்கில் எடுக்க மாட்டோம்.

மறு பாதிக்கு நன்கொடை தேடுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் கிடைத்தால், கொடுப்பவருக்கு வரிக் கழிவு உண்டு; நிறுவனங்கள் மனம் இளகும். அந்தப் பணத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், எந்தப் பெயரில் அழைத்தீர்கள், என்ன பதில். பக்கத்துக் கட்டத்தில், அரை மணி நேரம் கழித்து வேறு இனத்து நண்பர் அதே எண்ணை அழைத்தபோது கிடைத்த பதில். "சாரி, ஓனர் தக் மாவ் இண்டியன்" (ஓனருக்கு இந்தியர் வேண்டாமாம்) என்றால் அதை அப்படியே எழுதுங்கள், உங்கள் கோபத்தைச் சேர்க்காதீர்கள். இப்படி ஐம்பது பதிவு சேர்ந்தால், மனித உரிமை ஆணையமான சுஹாகாமிலோ வீடமைப்பு அமைச்சிலோ உட்கார்ந்து பேச உங்களிடம் சரக்கு இருக்கும். ஓனர் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். அவதூறு வழக்கு வந்தால் சேர்த்த பணம் முழுக்க வக்கீலுக்கே போய்விடும்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். பதிவிலாகாவின் ஈரோசஸ் தளத்தில் நுழைந்து, போன வருட ஆண்டறிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மித்ராவெல்லாம் அப்புறம்.