பெஞ்சில் எத்தனை பேர்? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐஸ் ஹாக்கி பற்றி மட்டும் ஐந்து. டெல்டாக்காரர்களுக்கு இது தூரத்து விளையாட்டு இல்லை, பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஐந்துக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் வழிப் பேரன் அமெரிக்காவில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவன் காலேஜில் இந்த வருடம்தான் ஐஸ் ஹாக்கி அணி ஆரம்பித்தார்கள், இவன் டிஃபென்ஸ், அதாவது தடுப்பு ஆட்டக்காரன். சனி, ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து நேரலையில் பார்க்கிறேன். 1-9, 0-11, 2-8 என்று தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள். போன் செய்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதை விட்டுவிட்டுப் படிப்பைப் பார் என்று சொல்லலாமா?
— வாசகர், திருவாரூர்

ஐயா, தயவுசெய்து சொல்லாதீர்கள். தாத்தா சொல்கிறாரே என்று அவன் விட்டாலும் விட்டுவிடுவான், அதுதான் எனக்குக் கவலை.

முதல் சீசனில் ஒரு புது அணி ஏன் இப்படி அடி வாங்குகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், கோலியையும், அதாவது கோல் காப்பவரையும் சேர்த்து. கோலி தவிர மற்ற ஐந்து பேரும் முக்கால் நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம் முழு மூச்சாகச் சறுக்கி ஆடிவிட்டு பெஞ்சுக்கு ஓடி வந்துவிடுவார்கள், அடுத்த ஐந்து பேர் வேலியைத் தாண்டிக் குதிப்பார்கள், பெரும்பாலும் ஆட்டம் நிற்காமலே இது நடக்கும். காலூன்றிவிட்ட அணியில் இப்படி மாறி மாறி இறங்க இருபது பேர் வரை இருப்பார்கள். புது அணியில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம். இருபது நிமிடப் பீரியட் மூன்று, விசில் அடித்தால் கடிகாரமும் நின்றுவிடும், அதனால் அறுபது நிமிடம் என்பது உண்மையிலேயே அறுபது நிமிடம்தான். பத்து பேர் இருபது பேருக்கு எதிராக அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இரண்டாவது பீரியடைக் கவனித்துப் பாருங்கள். அணிகள் முனை மாறுகின்றன, பெஞ்ச் மாறுவதில்லை. அதனால் தங்கள் கோலைக் காக்கும் இடத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவே தூரம் கூடிவிடுகிறது. களைத்துப்போன டிஃபென்ஸ்காரன் பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிரணி திரும்ப வந்துவிடும். உங்கள் பேரனுக்குத்தான் இது முதலில் உறைக்கும். சரி, மூச்சு வாங்கினால் என்ன செய்வார்கள்? பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, பலமாக எதிர்முனைக்கு அடித்துத் தள்ளிவிடுவார்கள். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அடித்து அது எதிரணியின் கோல் கோட்டையும் தாண்டிப்போனால் ஐசிங் என்று விசில். ஆட்டம் மறுபடி இவர்கள் முனையிலேயே தொடங்கும், அடித்த அணி ஆளை மாற்றவும் கூடாது. களைத்த அதே ஐந்து பேர் அங்கேயே நிற்க வேண்டும். 0-11 எல்லாம் இப்படித்தான் வருகிறது, பையன்கள் ஆடத் தெரியாமல் நிற்பதால் இல்லை.

பெரிய காலேஜ்களின் கதையையும் பாருங்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் பல வருடம் கிளப் அணியாக, அதாவது பெரும்பாலும் மாணவர்கள் செலவிலேயே ஓடும் அணியாக இருந்தது. டெர்ரி பெகுலா என்ற தொழிலதிபர் 2010-இல் 88 மில்லியன் டாலர் கொடுப்பதாக அறிவித்த பிறகு, 2012-13-இல் காலேஜ் ஆட்டத்தின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனுக்கு ஏறியது. முதல் சீசனில் 13 வெற்றி, 14 தோல்வி. பரவாயில்லையே என்று தோன்றும். அடுத்த வருடம் பெரிய அணிகளோடு லீகில் ஆடியபோது 8 வெற்றி, 26 தோல்வி. இன்னும் மோசமாகப் போனது, ஆனால் அணியைக் கலைக்கவில்லை. 2025-இல் அதே பென் ஸ்டேட் நாட்டின் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. பாலைவனத்தில் இருக்கும் அரிசோனா ஸ்டேட்டும் அப்படித்தான், முதல் முழு சீசனான 2016-17-இல் 10 வெற்றி, அதற்கடுத்து 8, அதற்கடுத்த வருடமே தேசியப் போட்டிக்குத் தகுதி. அத்தனை பணமும் ஸ்காலர்ஷிப்பும் இருந்த இடத்திலேயே இந்த நிலைமை என்றால், பேரனின் அணியிடம் முதல் வருடமே வெற்றியை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

முதல் சீசன் அணிக்கு இருக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: இரண்டாவது சீசனுக்கு ஆள் மிஞ்ச வேண்டும். அதனால் அடுத்த முறை போனில் ஸ்கோரைப் பற்றிப் பேசாதீர்கள். "பெஞ்சில் எத்தனை பேர் இருந்தீங்கப்பா? புதுசா யாராவது வந்தாங்களா? உங்க கோலி எத்தனை ஷாட் தடுத்தார்?" என்று கேளுங்கள். தாத்தா ஆட்டத்தைப் பார்க்கிறார், வெறும் நம்பரைப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் அவன் பேச ஆரம்பித்துவிடுவான். அதோடு தூக்கத்தையும் விசாரியுங்கள். சாயங்கால நேரமெல்லாம் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளுக்குப் போய்விடுவதால் புது காலேஜ் அணிக்கு ரிங்க், அதாவது ஐஸ் தளம், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கிடைக்கும், மறுநாள் காலையில் வகுப்பு இருக்கும். மார்க் குறைந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம். தோற்கிறான் என்பதற்காக வேண்டாம்.

தம்பி மகன் காலேஜ் அணிக்கு ஆடுகிறான், ஆனால் கட்டணம் கட்ட வேண்டும் என்று பணம் கேட்கிறான். காலேஜ் அணி என்றால் காலேஜ்தானே செலவு செய்ய வேண்டும்? ஏமாற்றுகிறானா?
— வாசகர், பாபநாசம்

இல்லை ஐயா, பையன் சொல்வது நம்பக்கூடியதுதான். அங்கே இரண்டு வகை இருக்கிறது. என்.சி.ஏ.ஏ. என்பது காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பு, அதில் ஆடும் அணி என்றால் செலவு காலேஜுடையது. கிளப் அணி என்றால் காலேஜ் பெயரில் ஆடினாலும் பெரும்பாலான செலவு பிள்ளைகள் தலையில்தான். இந்த கிளப் அணிகளுக்காகவே 1991-இல் ஏ.சி.எச்.ஏ. என்ற அமைப்பு வந்தது. ரிங்க் வாடகை மணிக்குப் பல நூறு டாலர், அப்புறம் பஸ், நடுவர், ஜெர்சி. அணியின் வரவு செலவுக் கணக்கை அனுப்பச் சொல்லுங்கள், பொருளாளர் என்று ஒரு மாணவர் இருப்பார். கணக்கு ஒழுங்காக இருந்தால் முடிந்ததைக் கொடுங்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகள் காலேஜின் புது பெண்கள் அணிக்கு கோலி. வீடியோவில் ஆளை ஆள் அடித்துக்கொள்வதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.
— வாசகி, மன்னார்குடி

சகோதரி, நீங்கள் பார்த்தது அநேகமாக என்.எச்.எல். தொழில்முறை ஆட்டமாக இருக்கும். காலேஜ் ஆட்டத்தில் கைகலப்பு என்றால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியே, அடுத்த ஆட்டத்துக்கும் தடை. முகம் முழுவதையும் மூடும் கம்பிக்கூடோ கண்ணாடியோ கட்டாயம். பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் மோதித் தள்ளுவதற்கு ஆண்கள் ஆட்டத்தில் இருக்கும் அளவு இடமும் கிடையாது.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கின் எடை 156 முதல் 170 கிராம் வரை, கெட்டி ரப்பர், போதாததற்கு ஆட்டத்துக்கு முன்னால் துள்ளாமல் இருக்க அதை உறைய வைக்கிறார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். கோலியின் கவசம் அதற்காகவே செய்தது, இரவல் வாங்கியதாக இருந்தாலும் அளவு சரியாக இருக்க வேண்டும், தொண்டைப் பகுதி மூடியிருக்க வேண்டும். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் ஸ்கேட்டின் பிளேடு கழுத்தில் பட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகு சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் கழுத்துக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. உங்கள் மருமகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கழுத்துக்குப் போட்டிருக்கியாடி?" என்பதுதான். இரண்டாவது, தலையில் அடிபட்டால் மறைக்காமல் சொல்வாளா என்பது. ஒரே கோலியை வைத்து ஓட்டும் புது அணியில், நான் இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காதே என்று பிள்ளைகள் தலைவலியை மறைத்துவிடுகிறார்கள். அத்தை சொன்னால் கேட்பாள், கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அரிசோனா மாதிரி வெயில் ஊரில் ஐஸ் எப்படி உருகாமல் நிற்கிறது?
— வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் ஐஸ் கம்பெனியில் நடக்கிற அதே வேலைதான் ஐயா. அங்கே அம்மோனியாவால் குளிரூட்டிய உப்புத்தண்ணித் தொட்டியில் கேனை இறக்கி, கேனில் இருக்கும் நல்ல தண்ணியைக் கட்டியாக்குகிறார்கள். ரிங்க்கில் அதே மாதிரி குளிரூட்டிய உப்புக் கரைசல் கான்கிரீட் தளத்துக்குள் வரிசையாகப் பதித்த குழாய்களில் ஓடும். மேலே தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளித்துத் தெளித்து ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்துக்கு ஐஸ் கட்டுகிறார்கள். பீரியட் முடிந்ததும் ஒரு வண்டி வந்து மேலே சீவிவிட்டு வெந்நீர் தடவிப் போகும். வெந்நீர் கீறல்களுக்குள் இறங்கி நன்றாக ஒட்டும். அந்த வண்டியை 1949-இல் செய்தவர் ஃபிராங்க் ஸாம்போனி, அவருடைய குடும்பத் தொழிலும் ஐஸ் கட்டி வியாபாரம்தான்.

நான் ஒன்பதாவது படிக்கிறேன், ரோலர் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறேன். நான் ஐஸ் ஹாக்கி ஆட முடியுமா?
— மாணவி, கும்பகோணம்

முடியும் பாப்பா, ஆனால் ஐஸுக்கு நீ வடக்கே போக வேண்டும். நம் நாட்டில் இந்த ஆட்டத்துக்குத் தாய்வீடு லடாக். அங்கே குளிர்காலத்தில் உறைந்த குளங்களில் இரண்டு மாதம் போலத்தான் ஆடக் கிடைக்கும், அப்படிப் பழகியவர்கள்தான் இந்தியப் பெண்கள் அணியில் பெரும்பாலோர். அந்த அணி 2016-இல் தைபேயில் முதல் முறையாக ஆசியப் போட்டிக்குப் போனது. முதல் வெற்றிக்கு 2017 வரை காத்திருந்து, பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று ஜெயித்தார்கள். 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள்.

இப்போதைக்கு உன் கோச்சிடம் இன்லைன் ஹாக்கி பற்றிக் கேள். ஒரே வரிசையில் சக்கரம் இருக்கும் ஸ்கேட், அதே மாதிரி ஸ்டிக், அதே மாதிரி பக். பின்னோக்கிச் சறுக்குவதையும் இரண்டு பக்கமும் காலை மாற்றிப் போட்டுத் திரும்புவதையும் இப்போதே பழகிவிடு, ஐஸில் அப்படியே உதவும். நிற்பதை மட்டும் அங்கே போய்ப் புதிதாகக் கற்க வேண்டும், பிளேடைக் குறுக்கே திருப்பி ஐஸைச் சீவி நிற்பார்கள், சக்கரத்தில் அது வராது. ஸ்டிக் வாங்கும்போது ஸ்கேட் போட்டு நின்று அளந்து பார், உன் தாடை வரைக்கும் வந்தால் போதும். அதற்கு மேல் நீளமாக இருந்தால் கடைக்காரர் வளருகிற பிள்ளை என்று சொன்னாலும் வாங்காதே.