30 டிகிரி வீட்டில் நல்ல பீர்: சிங்கப்பூர் வீட்டு ப்ரூவர்களுக்குக் கேள்வி பதில்

சிங்கப்பூரில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு வேர் ஒன்றுதான்: 29, 30 டிகிரி அறையில் யீஸ்ட் படும் பாடு. அதனால் அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம் நீளம்.

கேள்வி (ஈசூன்): வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேணுமா அண்ணா? ஊருக்குப் போகும்போது அங்கேயும் செய்யலாமா?

இங்கே 18 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, லைசென்ஸ் இல்லாமல் பீர், ஒயின், சைடர் நொதிக்க வைக்கலாம். விற்கக் கூடாது, நண்பரிடம் "செலவுக்கு" என்று காசு வாங்கினாலும் அது விற்பனைதான். சாராயமாக வடித்தெடுப்பது இந்த அனுமதியில் சேராது, அந்தப் பக்கமே போகாதீர்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஊரில் வேண்டாம்.

கேள்வி (பொங்கோல்): புதுசா ஆரம்பிக்கிறேன். சின்ன சமையலறை, ஒரே ஒரு பெரிய பானை. ஒரு நல்ல பேல் ஏல் அளவு சொல்லுங்களேன்.

10 லிட்டர் போடுங்கள், பை முறையில். அதாவது மால்ட்டை (முளைவிட்டு உலர்த்திய பார்லி) மெல்லிய வலைப் பையில் கட்டி, அதே பானையில் ஊறவைத்து, பையைத் தூக்கிவிட்டு அப்படியே கொதிக்க வைப்பது. 20 லிட்டருக்குக் குறையாத பானை வேண்டும்.

தண்ணீர் 15 லிட்டர். பேல் மால்ட் 2.1 கிலோ, நடுத்தர கிரிஸ்டல் மால்ட் 150 கிராம். தண்ணீரை 69 முதல் 70 டிகிரிக்குக் கொண்டுவந்து மால்ட்டைப் போட்டால் 67 டிகிரியில் நிற்கும். கட்டி தட்டாமல் நன்றாகக் கிளறி, மூடி, கனத்த துண்டைச் சுற்றி 60 நிமிடம் விடுங்கள். பையைத் தூக்கி, சொட்டுவது நிற்கும்வரை வடியவிட்டு, லேசாகப் பிழியலாம். பிழிந்தால் துவர்க்கும் என்று பலர் பயப்படுகிறார்கள், பிஎச் சரியாக இருந்தால் துவர்க்காது.

மூடி போடாமல் 60 நிமிடம் கொதிக்கட்டும். கொதி தொடங்கியதும் காஸ்கேட் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) 15 கிராம், கடைசி 15 நிமிடத்தில் 10 கிராம். அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியதும் 20 கிராம் போட்டு 20 நிமிடம் விட்டால் மணம் அதில்தான் வரும். ஆறவைத்து யீஸ்ட் போடுவது பற்றிக் கீழே வருகிறது. ஆரம்ப கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.048 பக்கம், முடிவு 1.010 பக்கம். வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்.

கொதி தொடங்கும் நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள். நுரை மெல்லப் பழுப்பாகத் திரண்டு, ஓரத்தில் ஏறி, நடுவில் ஒரு குமிழ் வெடித்ததும் ஒரே மூச்சில் பொங்கும். கையில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் இருந்தால் போதும், இரண்டு பீச்சில் அடங்கிவிடும்.

கேள்வி (தெம்பனிஸ்): பீர் குடிச்சா தின்னர் மாதிரி வாடை, தொண்டை எரியுது, மறுநாள் தலைவலி. யீஸ்ட் பாக்கெட்ல 26 டிகிரி வரை சரின்னு போட்டிருக்கு. ஏசி ரூம்ல 25 டிகிரிலதான் வச்சேன்.

அறை 25 டிகிரி. ஃபெர்மென்டருக்குள் (பீர் நொதிக்கும் பாத்திரம்) 25 இல்லை. நொதிக்கும்போது யீஸ்ட் தானே சூடு கிளப்பும். வேகம் உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் உள்ளே இருப்பது அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதல். உங்கள் வோர்ட் (நொதிக்கும் மால்ட் சாறு) 29, 30ஐத் தொட்டிருக்கும். இரவு மட்டும் ஏசி என்றால் இன்னும் மோசம். அந்தச் சூட்டில் சாதாரண ஏல் யீஸ்ட் கனமான ஆல்கஹால்களை உருவாக்கும். அந்தத் தின்னர் வாடையும் எரிச்சலும் அதுதான். பாட்டிலில் எத்தனை மாதம் வைத்தாலும் அது போகாது.

வாசனை முடிவாவது முதல் 72 மணி நேரத்தில். அந்த மூன்று நாளை மட்டும் கட்டிப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வழிகள், என் விருப்ப வரிசையில்:

பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றும், இன்க்பேர்ட் மாதிரி ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும். ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கருவியில் செருகி 18 டிகிரி, வித்தியாசம் 0.5, கம்ப்ரஸர் இடைவெளி 5 நிமிடம் என்று வையுங்கள். உணர்கம்பியைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். ஃபெர்மென்டரின் பக்கவாட்டில், வோர்ட் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே மடித்த துணியோ பஞ்சுத் தகடோ வைத்து டேப் சுற்றுங்கள். காற்றில் விட்டால் ஃப்ரிட்ஜ் ஓயாமல் போய்வரும், பீர் மட்டும் சூடாகவே இருக்கும்.

ஃப்ரிட்ஜுக்கு இடமில்லையென்றால், ஃபெர்மென்டர் நுழையும் அளவு ஐஸ் பெட்டியோ குளிர்காப்புப் பையோ வாங்கி, 1.5 லிட்டர் பாட்டிலில் உறைந்த தண்ணீரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 10 லிட்டருக்கு ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு பாட்டில் போதும்.

ஈரத்துணியும் மின்விசிறியும் வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும். இங்குள்ள ஈரப்பதத்தில் தண்ணீர் ஆவியாகவே மறுக்கிறது. அதை நம்பி யீஸ்ட்டைப் போடாதீர்கள்.

புது ஹாப்ஸ், புது மால்ட், பெரிய பானை எல்லாம் பிறகு வாங்கலாம். முதல் காசு குளிர்ச்சிக்கே போகட்டும்.

கேள்வி (பிடோக்): வோர்ட்டை ஆறவைக்கிறதுதான் பெரும்பாடு. சில்லர் சுருள் போட்டும் 34க்குக் கீழ இறங்கல.

இறங்காது. நம் குழாய்த் தண்ணீரே 28, 30 டிகிரி. அதைவிடச் சில டிகிரி மேலேதான் சுருள் நிற்கும். குழாய்த் தண்ணீரில் 40 வரை இறக்குங்கள், பிறகு ஒரு வாளி ஐஸ் தண்ணீரை மீன்தொட்டிப் பம்பால் சுருளுக்குள் சுற்றவிடுங்கள். அல்லது 35 டிகிரியிலேயே ஃபெர்மென்டருக்கு மாற்றி, இறுக மூடி, ஃப்ரிட்ஜில் 18 ஆகும்வரை வைத்துவிட்டு அப்புறம் யீஸ்ட் போடுங்கள். ஃபெர்மென்டர் சுத்தமாக இருந்தால் எட்டு பத்து மணி நேரம் காத்திருப்பதில் ஆபத்தில்லை. சூட்டிலேயே யீஸ்ட்டைப் போட்டுவிட்டுப் பிறகு குளிர்விப்பதுதான் கெடுதல்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): ஃப்ரிட்ஜ், ஐஸ் எதுவும் முடியாது சார். க்வெய்க் யீஸ்ட் போட்டா போதுமாமே?

போதும். நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறையாகக் காத்து வந்த யீஸ்ட் அது. வோஸ் வகை 35 முதல் 40 டிகிரியில் துடிப்பாக வேலை செய்து, ஆரஞ்சுத் தோல் மணத்தோடு மூன்று நான்கு நாளில் முடித்துவிடும். இங்கே அதில் நேரும் தவறு வேறு: 38ல் போட்டுவிட்டு, 10 லிட்டர் சின்ன பாத்திரம் ராத்திரியில் 28க்கு ஆறிவிடுவது. அப்போது பாதியில் நின்றுபோகும். போர்வை சுற்றி வையுங்கள். 1.050க்குக் கீழான வோர்ட்டில் அதற்குச் சத்துப் போதாது. யீஸ்ட் ஊட்டம் கட்டாயம் சேருங்கள், பாக்கெட்டில் சொன்ன அளவு.

சூட்டைத் தாங்கும் இன்னொன்று பெல்ஜியத்துச் சேசோன் யீஸ்ட். 28, 30ல் மிளகும் பழமும் கலந்த வாசனை நன்றாக வரும். ஆனால் உலர் சேசோன் வகைகளில் சில, மற்ற யீஸ்ட் தொடாத மாவுச் சர்க்கரையையும் உடைத்துத் தின்னும். அதே குழாய், அதே குழாய்த்திருகு வழியே அடுத்த பேல் ஏலில் ஒட்டிக்கொண்டால் பாட்டில்கள் வெடிக்கும். சேசோனுக்கென்று பிளாஸ்டிக் சாமான்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஜூரோங்): எல்லா பேட்ச்லயும் ஆஸ்பத்திரி மருந்து வாடை. வெப்பநிலை சரியாத்தான் இருக்கு.

தண்ணீர். இங்கே குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமைன். ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் போகும், குளோரமைன் போகாது. சும்மா கொதிக்க வைத்தும் எளிதில் போகாது. அது மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்தால் அந்த வாடை. 15 லிட்டருக்குக் கால் கேம்ப்டன் (மெட்டாபைசல்பைட்) மாத்திரையைப் பொடித்து, மால்ட் போடும் முன் கலக்கிவிடுங்கள். சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பாத்திரத்தை ப்ளீச்சில் கழுவும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். முதலில் சோடியம் பெர்கார்பனேட்டில் அழுக்கு போகக் கழுவி, பிறகு ஸ்டார் சான் என்ற கிருமிநாசினி லிட்டருக்கு 1.5 மில்லி. அலச வேண்டாம், நுரை இருந்தால் இருக்கட்டும். அழுக்கின் மேல் எந்தக் கிருமிநாசினியும் பிடிக்காது, வரிசை மாறக் கூடாது.

நம் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. அதே 15 லிட்டருக்கு ஜிப்சம் 3 கிராம் சேர்த்தால் பேல் ஏலின் கசப்பு தெளிவாக வரும்.

கேள்வி (ஈசூன்): பாட்டிலைத் திறந்தா பீச்சி அடிக்குது, பாதி பீர் தரையில. சர்க்கரை கூடிப்போச்சா?

இருக்கும் பாட்டில்களை இப்போதே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் போட்டு, துண்டால் மூடித்தான் தொட வேண்டும். அப்புறம் காரணம் தேடலாம்.

எல்லாப் பாட்டிலும் பொங்கினால், நொதிப்பு முடியாமலே அடைத்திருப்பீர்கள், அல்லது தொற்று. முன்னதில் பீர் இனிக்கும். தொற்றில் பீர் தண்ணீராக மெலிந்து, பாட்டில் கழுத்தில் ஒரு வளையம் படிந்திருக்கும். சில பாட்டில் மட்டும் பொங்கி மற்றவை சப்பென்று இருந்தால் சர்க்கரை சரியாகக் கலக்கவில்லை.

சரியான அளவு: லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை. 10 லிட்டருக்கு 60 கிராமை 150 மில்லி தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்க வைத்து, பாட்டிலில் ஊற்றும் வாளியின் அடியில் முதலில் விட்டு, அதன் மேல் பீரைச் சுழல்வதுபோல் இறக்குங்கள். ஏர்லாக்கில் (வாயு வெளியேறும் மூடி) குமிழ் நின்றது முடிவுக்கு அடையாளமே இல்லை. மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் இருமுறை ஒரே எண் காட்ட வேண்டும். அந்தக் கருவி பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிட்டது. மாதிரி 30 டிகிரியில் இருந்தால் 0.002, 0.003 குறைத்துக் காட்டும். 1.010 என்று படித்தது உண்மையில் 1.012 ஆக இருக்கலாம். மிச்சமாகும் ஒவ்வொரு 0.001ம் பாட்டிலில் அரை வால்யூம் (பீரின் கொள்ளளவில் பாதி) வாயு, விளையாட்டல்ல.

கேள்வி (பொங்கோல்): வெண்ணெய் வாசனை வருதுங்க. பாட்டில் பண்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இரண்டு சின்ன கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பீர் எடுத்து மூடுங்கள். ஒன்றை 65 டிகிரி தண்ணீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் மாறிமாறி முகருங்கள். சுடவைத்ததில் மட்டும் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தால் டைஅசிடைல் இன்னும் மறைந்திருக்கிறது. பீரை 21 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் யீஸ்ட்டோடு விடுங்கள், அதுவே தின்று தீர்க்கும். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் யீஸ்ட் அடியில் படிந்துவிடும், வாசனை தங்கிவிடும்.

கேள்வி (தோ பாயோ): மங்கலான ஐபிஏ முதல் வாரம் மாம்பழமா மணக்குது, மூணாவது வாரம் பழுப்பாகி அட்டை வாசனை.

காற்று. ஹாப்ஸ் அதிகமான பீர் ஆக்சிஜனை மன்னிக்காது, நம் சூடு அதை இன்னும் விரட்டும். பாட்டிலில் செய்வதானால் கழுத்து வரை நிரப்பி, வாயு ஏறியதும் உடனே ஃப்ரிட்ஜ். இந்த வகையை விரும்பிக் காய்ச்சுபவர் கெக்குக்கு (அழுத்தம் தாங்கும் பீப்பாய்) மாறுவதே நல்லது: கெக்கை ஸ்டார் சானால் முழுக்க நிரப்பி, அதைக் கார்பன் டை ஆக்சைடால் வெளியே தள்ளி, அந்த வாயு நிரம்பிய கெக்குக்குள் மூடிய குழாய் வழியாகப் பீரை மாற்றுங்கள். 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் வாயு சரியாக ஏறிவிடும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும், மூடிய படுக்கையறையில் வேண்டாம்.

கேள்வி (பிடோக்): குலா மலாக்கா போட்டு ஸ்டவுட் பண்ணலாமா?

தாராளமாக. 10 லிட்டருக்கு இந்தத் தென்னை வெல்லம் 200 கிராம், கொதியின் கடைசி 5 நிமிடத்தில். கிராவிட்டி 0.007 கூடும். இனிப்பு நொதித்துப் போய்விடும், கருகிய வெல்ல வாசனை மட்டும் நிற்கும். இனிப்பும் வேண்டுமானால் மாஷ் (மால்ட் ஊறவைப்பது) 69 டிகிரியில் செய்யுங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): மாசம் ஒருமுறை நண்பர்கள் கூடி அவங்கவங்க பீரை ருசி பாக்கிறோம். எல்லாரும் "நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க.

பெயர் தெரிந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பாட்டிலுக்கு எண் ஒட்டி, காய்ச்சியவரைத் தவிர வேறொருவர் ஊற்றட்டும். ஆளுக்கு 100 மில்லி போதும். லேசானது முதலில், கசப்பும் கருமையும் புளிப்பும் கடைசியில். பேல் ஏல் 7 டிகிரி பக்கம், ஸ்டவுட் 12 பக்கம். ஐஸ் குளிரில் எந்தக் குறையும் தெரியாது. ஊற்றிய உடனே முகர்ந்து, பேசுவதற்கு முன் எழுதிவிட வேண்டும், ஒருவர் "வாழைப்பழம்" என்று சொல்லிவிட்டால் அத்தனை பேருக்கும் வாழைப்பழமே வரும்.

இரண்டு யீஸ்ட்டையோ இரண்டு வெப்பநிலையையோ ஒப்பிட மூன்று குவளைச் சோதனை செய்யுங்கள்: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது வேறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார். அதைவிட நிறைய பேர் கண்டுபிடித்தால்தான் நீங்கள் செய்த மாற்றம் பீரில் தெரிகிறது. கார் கொண்டுவருபவருக்கு ஊற்றாதீர்கள். எம்ஆர்டி ரயிலில் வருபவர்களாகக் கூடுங்கள்.

குவளையைப் பாத்திர சோப்பில் கழுவினால் வெந்நீரில் இருமுறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். உள்பக்கம் குமிழ்கள் ஒட்டி நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, அந்தக் குவளையில் நுரை நிற்காது.