கொறங்காட்டுப் பறவைப் பட்டியல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தாராபுரத்தில் கல்லூரியில் படிக்கிறேன். இந்தப் பொங்கல் விடுமுறையில் நடந்த பறவைக் கணக்கெடுப்பில் முதன்முறையாகச் சேர்ந்துகொண்டேன். எனக்கும் என் தோழிக்கும் மூலனூர்ப் பக்கத்தில் ஒரு கொறங்காடும் (முள்வேலியிட்ட மேய்ச்சல் புல் நிலம்) அதையொட்டிய பள்ளமும் (ஓடை) ஒதுக்கப்பட்டன. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை நடந்தோம். பள்ளத்தில் ஓரளவு பறவைகள் இருந்தன; கொறங்காட்டிலோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். காட்டுக்காரப் பெரியவர் ஒருவர், "இந்தக் காட்டுல என்னத்தைங் கண்ணு எண்ணறீங்க?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதே நாளில் திருப்பூர் அருகே உள்ள நஞ்சராயன் குளத்துக்குப் போன நண்பர்கள் கூட்டம் கூட்டமாக வாத்துகளைப் படம் பிடித்து வந்தார்கள். அமெரிக்காவின் பாலைப் புல்வெளிகளில் தன்னார்வலர்கள் குளிர்காலந்தோறும் பறவைகளை எண்ணுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களுக்கும் இப்படித்தான் இருக்குமா? இவ்வளவு குறைவான பட்டியலை அனுப்புவதில் பயன் உண்டா? அடுத்த ஆண்டு நாங்களும் குளத்துக்கே போய்விடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

பட்டியலை அனுப்பிவிடுங்கள். அடுத்த தை மாதமும் அதே கொறங்காட்டுக்கே செல்லுங்கள். குளத்தைப் பார்க்கும் ஆசை நியாயமானதுதான். அதற்கு வேறொரு நாளை வைத்துக்கொள்ளலாம். நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. அங்கே ஒரு பறவை வராமல்போனால் அதைக் கவனிக்கப் பலர் இருக்கிறார்கள். நீங்கள் நடந்த காட்டில் அந்த வேலைக்கு இப்போதைக்கு நீங்கள் இருவர்தான் இருக்கிறீர்கள்.

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் பரந்திருக்கும் சிவாவா பாலைப் புல்வெளிகளில் எண்ணுபவர்களுக்கும் உங்களுக்கு நேர்ந்ததே நேர்கிறது. வடக்கே பெரும்புல்வெளிகளில் கூடு கட்டும் பல சிறு பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வருகின்றன. அவற்றில் பெயர்ட் சிட்டு, ஸ்ப்ராக் நெட்டைக்காலி போன்றவை புல்லின் நிறத்திலேயே இருப்பவை, அவ்வளவு எளிதில் பறந்து எழாதவை, காலடி மிக அருகே வந்த பிறகே கிளம்பிச் சற்றுத் தொலைவில் மீண்டும் புல்லுக்குள் மறைந்துவிடுபவை. அதனால்தான் அத்தகைய நிலத்தில் எண்ணுபவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசிக்கொண்டு செல்லாமல், இடைவெளி விட்டு வரிசையாகப் பரவி, ஒரே வேகத்தில் நடக்கிறார்கள். நம் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லுக்குள் பதுங்கும் நெட்டைக்காலியும் வானம்பாடியும் இதே இயல்புடையவை. நீங்கள் இருவரும் தடத்தின் மேலேயே சேர்ந்து நடந்திருந்தால், காட்டில் இருந்தவற்றில் ஒரு பகுதியே உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அடுத்த முறை இருபது முப்பது அடி தள்ளித் தள்ளி நடந்து பாருங்கள்.

அமெரிக்கக் குளிர்காலக் கணக்கெடுப்பின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் நாளில் துப்பாக்கியுடன் அணி பிரிந்து, அதிக உயிர்களைச் சுட்டு வீழ்த்தும் அணியே வென்றது என்று கொண்டாடும் வழக்கம் அங்கே இருந்தது. அதற்கு மாற்றாக, சுடாமல் எண்ணலாம் என்று 1900இல் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் அழைப்பு விடுத்தார். முதல் ஆண்டு 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். இன்று டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டங்களுக்குள், குறித்த ஒரு நாளில் எண்ணும் பெரும்பணியாக அது வளர்ந்திருக்கிறது. 1970க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்றும், புல்வெளிப் பறவைகளில் பாதிக்கும் மேல் இல்லாமல்போயின என்றும் 2019இல் ஆய்வாளர்கள் சொல்ல முடிந்ததற்கு, இந்தக் குளிர்காலக் கணக்கும் அதைப் போன்ற பிற தன்னார்வக் கணக்கெடுப்புகளும் அடித்தளமாக அமைந்தன. அந்தப் பல்லாண்டுத் தாள்களுக்குள், பகல் முழுவதும் நடந்து சில சிட்டுகளை மட்டும் கண்டவர்களின் தாள்களும் இருக்கின்றன. அவர்கள் வெட்கப்பட்டு அவற்றைக் கிழித்துப் போட்டிருந்தால், நிறைந்த இடங்களின் கணக்கு மட்டுமே மிஞ்சி, இழப்பு நடந்ததே வெளியில் தெரியாமல் போயிருக்கும்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அதில் நான் முதலில் கேட்பது ஒன்றே: கொறங்காட்டையும் பள்ளத்தையும் ஒரே தாளில் எழுதினீர்களா, தனித்தனியாக எழுதினீர்களா? ஒன்றாக எழுதியிருந்தால் நினைவு இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். வறண்ட நிலத்தின் நடுவே ஓடும் நீர்த்தடம் எங்குமே பறவைகளைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அரிசோனாவின் ஓடைக்கரைகளில் காட்டன்வுட், வில்லோ மரங்கள் நிற்கும் ஒடுங்கிய பட்டையில் பறவைகள் நெருங்கியிருக்க, சுற்றிலும் உள்ள புல்வெளியில் அவை சிதறிக் கிடக்கும். நம் பள்ளத்துப் புங்கனும் நீர்மத்தியும் கரைப் புதரும் செய்வதும் அதுதான். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டால், பத்து ஆண்டுகளில் கொறங்காட்டுப் பறவைகள் முற்றிலும் போய்விட்டாலும் பள்ளத்தின் மீன்கொத்தியும் வாலாட்டியும் அந்தக் குறையை மூடி மறைத்து, மொத்த எண்ணிக்கையைச் சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும். எனக்குப் பெரிய கவலை இதில்தான் இருக்கிறது. பறவை கிடைக்கும் இடத்திலேயே நேரத்தைச் செலவிடுவது மனித இயல்பு என்பதால், இரண்டு இடங்களுக்கும் தனித்தனியாகத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். காகம், மைனா, புறா என்று எதையும் விட்டுவிடாமல் எழுதினால்தான், பட்டியலில் இல்லாத பறவை உண்மையிலேயே கண்ணில் படவில்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள முடியும்.

ஓர் ஆண்டின் எண்ணிக்கை தனியாக எதையும் சொல்லாது. சிவாவா புல்வெளியில் கோடை மழை நன்றாகப் பெய்தால் விதை மிகும். அந்தக் குளிர்காலத்தில் சிட்டுகளும் மிகும். மழை பொய்த்தால் அவை வேறு இடம் தேடிப் போய்விடும். நமக்கு அந்த வேலையை ஐப்பசி, கார்த்திகை மழை செய்கிறது. அந்த மழையில் எழுந்த புல்லில் வெட்டுக்கிளி பெருகினால்தான், நடு ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வரும் பூனைப்பருந்துகள் இங்கே தங்கும். சூறைக்குருவிக் கூட்டமும் இரை கிடைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் இறங்கும். ஆகையால் முந்தைய மழை எப்படி இருந்தது, புல் எவ்வளவு உயரம் நின்றது, மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தனவா என்பவற்றை ஓரிரு வரிகளில் சேர்த்துவிடுங்கள். பூனைப்பருந்துகள் அந்தியில் தரையிலேயே, புல்லுக்குள், பல சேர்ந்து அடைபவை. ஒரு மாலை பொழுது சாயும் நேரத்தில் வேலிக்கு வெளியே, தொலைவில் அமைதியாக உட்கார்ந்திருந்தால், காலையில் ஒன்றுகூடக் கண்ணில் படாத காட்டில் அவை வந்து இறங்குவதைக் காணும் வாய்ப்பு உண்டு. பெட்டையை இன்ன வகை என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் வெறுமனே பூனைப்பருந்து என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட அது மதிப்பு மிக்கது.

நம் நாட்டிலும் இந்தத் தாள்கள் வீணாகவில்லை. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் பதிந்த 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 பறவையினங்களை மதிப்பிட்டது. புல்வெளியையும் திறந்த வெளியையும் நம்பி வாழும் பறவைகள் வேகமாகக் குறைந்துவருவதாக அது சொல்கிறது. நம் மின்கம்பிகளில் இன்றும் உட்கார்ந்திருக்கும் பனங்காடைகூட அந்தக் குறைவிலிருந்து தப்பவில்லை. தாராபுரம், மூலனூர், காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்பது குடும்பங்களின் பட்டா நிலம். கிளுவை முள்வேலியும் வெள்வேல மரமும் காங்கேயம் மாடும் சேர்ந்து அந்தப் புல்லை இத்தனை காலம் காத்திருக்கின்றன. மாடு வளர்ப்பது கட்டுப்படியாகாமல் அந்தக் காடு காற்றாலைக்கோ சூரியமின் தகடுகளுக்கோ வீட்டுமனைக்கோ விற்கப்படும்போது, வெறும் மேய்ச்சல் காடு போனதாகத்தான் ஊர் நினைக்கும். அங்கே கல்குருவியும் கண்கிலேடியும் கௌதாரியும் இருந்தன என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று வேண்டும் என்றால் அதை எழுத வேண்டியவர்கள் உங்களைப் போன்றவர்களே.

பெரியவரின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அடுத்த முறை செல்லும்போது முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள், திறந்த படலை மூடிவிட்டு வாருங்கள், கண்ட பறவைகளின் பெயர்களை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு அவரிடமே கேளுங்கள்: கல்கௌதாரி இந்தக் காட்டில் இறங்கியதுண்டா, எந்தக் காலத்தில், எந்த மூலையில், எப்போதிலிருந்து வருவதில்லை? அவர் சொல்வதை உங்கள் எண்ணிக்கையுடன் கலந்துவிடாமல், குறிப்புகளுக்கான இடத்தில் அவர் சொன்னதாகவே எழுதி, அன்றைய தேதியையும் இட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஐயா