தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஆப்பிரிக்காவிலிருந்துதான் வந்ததா?

அது பழைய பதில். ஒரு காலத்தில் கர்ப்பப் பரிசோதனைக்காக உலகெங்கும் ஏற்றுமதியான ஆப்பிரிக்க நகத்தவளை மீது 2004-இல் பழி விழுந்தது. 1938-இல் பிடித்துப் பாதுகாத்த ஒரு தவளையில் இந்தப் பூஞ்சை இருந்ததே காரணம்.

2018-இல் வெளியான பெரிய ஆய்வு வேறு திசையைக் காட்டியது. பல நாடுகளில் சேகரித்த 234 பூஞ்சை மாதிரிகளின் முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது, மரபணு வேறுபாடு மிக அதிகமாக இருந்தது பூஞ்சையின் கொரியத் தீபகற்பத்துக் கிளையில் (அதாவது, அங்கே காணப்படும் மரபுவழிப் பிரிவில்). ஓர் உயிரி நெடுங்காலம் தங்கிய இடத்தில்தான் வேறுபாடுகள் சேரும். அங்கிருந்து வெளியேறிய ஒன்றிரண்டு பெருகினால், சந்ததியெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் தவளைகளை வாரிக்கொண்டுபோன கொள்ளைநோய்க் கிளை அப்படிப்பட்டதுதான். அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளைத்துப் பரவியதாகக் கணித்திருக்கிறார்கள். உயிருள்ள தவளைகளைக் கப்பலேற்றும் வணிகம் மீதுதான் முதல் சந்தேகம்.

கொரியாவிலேயே தவளைகள் கூட்டம் கூட்டமாகச் சாகவில்லை என்பதும் இதோடு பொருந்துகிறது. ஆனாலும் 'கொரியா' என்று அடித்துச் சொல்வதைவிடக் 'கிழக்கு ஆசியா' என்பதே பாதுகாப்பு என்பேன்.

பிரேசிலில் நிலைமை இன்னும் சிக்கல்: அங்கே வெவ்வேறு கிளைகள் சந்தித்துக் கலப்பினங்களே உருவாகியிருக்கின்றன.