நெறி சுத்தம் என்றால் பயமில்லையா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

மார்பகப் புற்றுநோயும் கமக்கட்டு (அக்குள்) நெறியும், அதாவது நிணநீர்க் கணுவும், பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு, நோயியல் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் பணிபுரிந்த டொக்டர் ஒருவர் பதில் தருகிறார்.

டொக்டர், அம்மாவின் கட்டி 3 சென்டிமீட்டர். எடுத்த நெறி ஒன்றிலும் புற்றுநோய் இல்லை. றிப்போர்ட்டில் ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ என்று இருக்கிறது. பிறகு எதற்குக் கீமோ? (உப்புவெளி)

மகள், நெறி சுத்தம் என்றதும் கிளினிக் பக்கமே போகாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புற்றுக் கலம் மார்பகத்தை விட்டு வெளியேற இரண்டு வழிகள் உண்டு. நிணநீர்க் குழாய் வழியே கமக்கட்டுக்குப் போகும். இரத்தக் குழாய் வழியே நுரையீரல், ஈரல், மூளை, எலும்புக்குப் போகும். பெரும்பாலான வகைகளில் கட்டி வளர வளர நெறியிலும் நோய் ஏறும். ட்ரிப்பிள் நெகட்டிவ் என்பது ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹோர்மோன் ஏற்பிகள் இல்லாத, ஹெர்-2 என்ற புரதமும் மிகையாக இல்லாத வகை. அதில் இந்தத் தொடர்பு தளர்வானது. பெரிய கட்டியாக இருந்தாலும் கமக்கட்டு சுத்தமாக இருக்கலாம்; ஆனால் கலங்கள் இரத்தத்தில் கலந்து போயிருக்கவும் கூடும். இந்த வகை திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் மூன்று வருடங்களுக்குள் வரும். ஹோர்மோன் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. அம்மாவுக்குக் கீமோதான் காவல், தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள்.

உம்மாவுக்கு 5 நெறியில் நோய் இருக்கிறதாம், ஹெர்-2 பொசிட்டிவ். கைமீறிவிட்டதா டொக்டர்? (கிண்ணியா)

இல்லை தம்பி. ஹெர்-2 புரதம் மிகுந்த வகையும், ஹோர்மோன் ஏற்பி இருந்தும் வேகமாகப் பெருகும் லூமினல் பி வகையும் நெறிக்கு அடிக்கடி ஏறுகிறவைதான். நான்கு முதல் ஒன்பது நெறி வரை இருந்தால் அது என்2 என்ற படி. பாரதூரமானதுதான், ஆனால் முடிவல்ல. நெறியில் மருந்து நன்றாகப் பிடிக்கும் வகையும் இதுவே. கீமோவும், ஹெர்-2 ஐக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்தும் முதலில் கொடுத்து, பிறகு ஒபரேஷன் செய்து அனுப்பிய நெறிகளை வெட்டிப் பார்த்திருக்கிறேன். புற்று இருந்த இடத்தில் வெண்மையான தழும்பு மட்டும் கிடக்கும். நுணுக்குக்காட்டியில் தேடினாலும் ஒரு புற்றுக் கலம் அகப்படாது. உம்மாவுக்கு முதலிலேயே ஒபரேஷன் முடிந்திருந்தாலும் ட்ராஸ்டுசுமாப் உண்டு. அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது, ஆகவே எக்கோ என்ற இதய ஸ்கான் எடுக்கும் திகதிகளைத் தவறவிடாதீர்கள்.

ஈ.ஆர். பொசிட்டிவ். காவல் நெறி ஒன்றில் 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கிறது. கமக்கட்டு முழுவதையும் எடுக்க வேண்டுமா? (தம்பலகாமம்)

பெரும்பாலும் வேண்டாம். காவல் நெறி என்பது புற்று முதலில் போய்ச் சேரும் நெறி. 0.2 இலிருந்து 2 மில்லிமீட்டர் வரை உள்ளதை நுண்பரவல் என்போம். மார்பகத்தை வைத்துக்கொண்டு கதிர்ச்சிகிச்சை எடுப்பவர்களுக்கு, இரண்டு காவல் நெறிகளில் அதைவிடப் பெரிதாக இருந்தாலும் மிச்சத்தை விட்டுவைக்கலாம் என்று அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அதன் பிறகு, நெறி முழுவதையும் எடுப்பதால் வரும் கை வீக்கத்தோடு அல்லற்படும் பெண்கள் குறைந்திருக்கிறார்கள், எனக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஹோர்மோன் மாத்திரையை இடையில் விட வேண்டாம். இந்த வகை மெதுவானது. பத்து வருடம் கழித்தும் எலும்பில் தலைகாட்டக்கூடியது.

ஸ்கானில் அக்காவின் நெறி நல்லது என்றார்கள். ஒபரேஷனில் நோய் இருந்தது. ஸ்கான் பிழையா? (மூதூர்)

பால் சுரக்கும் சிறுமடல்களில் தொடங்கும் லொபியூலர் வகையாக இருக்கலாம், றிப்போர்ட்டைப் பாருங்கள். அதன் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், தனித்தனியாக வரிசை கட்டி நெறிக்குள் நுழையும். நெறி வீங்காது, உருவமும் மாறாது. எங்களுக்கே சிலவேளை விசேட சாயம் போட்டால்தான் கண்ணில் படும். ஸ்கான் எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது.

நல்லெண்ணெய் போட்டு உருவினால் நெறி கரையுமா? (சல்லி)

கரையாது. புண்ணோ காய்ச்சலோ இல்லாமல் வந்த நெறி ஓரிரு வாரத்தில் வற்றாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி இல்லை என்று விட்டுவிடவே கூடாது.

அடுத்த கிழமை அம்மாவோடு மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். றிப்போர்ட்டில் நெறிக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது, வகை இல்லை. (நிலாவெளி)

வகை தெரியாமல் நெறிக் கணக்கு பாதிக் கதைதான். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் பார்க்கப்பட்டதா என்று போகுமுன் கேளுங்கள். ஹெர்-2 க்கு ‘2+’ என்று வந்தால் அது முடிவல்ல, ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை வேண்டும். எடுத்த சதையை மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள், புளொக் என்பது அதைத்தான். கடிதம் கொடுத்து அதை வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். அதிலிருந்தே மூன்றையும் பார்க்கலாம். அனேகமாக அம்மாவுக்குத் திரும்ப ஊசி குத்தத் தேவைப்படாது.